எண்ணெய்க் கப்பலும் எங்கள் குசினியும்

பதுளையில் இருந்துகொண்டு எண்ணெய்க் கப்பலைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம், சகோதரிகளே. சிரித்தால் தப்பில்லை. எங்கள் ஊரில் நாலா பக்கமும் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை என்று பஸ்ஸில் மலையிறங்கிப் பொத்துவிலுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு டவுனில் ஒரு கடை, இல்லாவிட்டால் ஆசிரியத் தொழில், அதுவும் இல்லாவிட்டால் சவூதி, கத்தார். கப்பல் வேலை என்பது எங்கள் கணக்கிலேயே இல்லாத ஒன்று.

ஆனால் 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் பெற்றோலோடு வந்த ஒரு கப்பல், கொடுக்க டொலர் இல்லாத காரணத்தால், மே மாதம் நடுப்பகுதியிலும் நமது கடலில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தது. இங்கே தோட்டத்து லயங்களிலிருந்து பெண்கள் விடியற்காலையிலேயே போத்தலும் கேனுமாக வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "கப்பல் வந்திட்டா?" அந்தக் கப்பலில் இருப்பவர்கள் யார், அவர்களைப் பெற்றவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் நியாயமில்லை. எனக்குத் தோன்றியது, ஏனென்றால் என் மூத்த மகன் அப்போது எண்ணெய்த்தாங்கிக் கப்பலொன்றில் இருந்தான்.

அவன் இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நீந்தவே தெரியாதவனுக்குக் கப்பல் எதற்கு?" என்று அவனுடைய வாப்பா கேட்டார். எனக்குப் பயம் தண்ணீரல்ல, நெருப்பு. ஒரு கப்பல் நிறைய எண்ணெய், அதன் மேல் என் பிள்ளை நடக்கிறான் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ஆகவே அவன் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து கேள்வி கேட்டே அவனைக் களைக்கச் செய்தேன். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எந்தக் கப்பலில் ஏறுவதானாலும் முதலில் சில பொதுப் பாடங்கள் உண்டு. கடலில் உயிர் காத்துக்கொள்வது, தீயணைப்பு, முதலுதவி, இப்படி. எண்ணெய்க் கப்பலுக்கு அவை மட்டும் போதாது. மாலுமிகளின் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று 1978இல் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதை 1995இலும் பிறகு 2010இல் மணிலாவிலும் திருத்தினார்கள். அதன்படி தாங்கிக் கப்பலில் சரக்கைக் கையாளும் வேலையிலுள்ளவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கட்டாயம். எண்ணெயை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நேரடிப் பொறுப்பாக நிற்கும் அதிகாரிகளுக்கு அதற்கு மேலும் ஒரு பயிற்சி. இந்த மேல்நிலைச் சான்றிதழுக்கு வகுப்பில் உட்கார்ந்து படித்தால் மட்டும் ஆகாது. எண்ணெய்க் கப்பலிலேயே வேலை செய்த அனுபவம் வேண்டும். பொதுவாக மூன்று மாதம். நமது நாட்டிலும் இதற்கான பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1990இல் தொடங்கி இப்போது மாலபேயில் இயங்கும் சினெக் பலருக்கும் தெரிந்த பெயர்.

மகன் வீட்டுக்கு வந்த மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு பழைய டீசல் பரலை வாங்கி வைத்திருந்தோம். மேல் மூடியை வெட்டுவதற்கு வெல்டிங் செய்கிறவர் சாமான்களோடு வந்துவிட்டார். மகன் ஓடிப்போய்த் தடுத்தான். "காலிப் பரல்தானே மகன், அதில் என்ன இருக்கு?" என்றார் அவனுடைய வாப்பா. "காலியா இருக்கிறதுதான் வாப்பா பயம்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னான். எரிவது எண்ணெயல்ல, எண்ணெயிலிருந்து எழும்பும் ஆவி. அந்த ஆவியும் காற்றும் ஓர் அளவில் கலந்தால்தான் தீப்பிடிக்கும். கச்சா எண்ணெய் ஆவி என்றால், காற்றில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்துப் பங்கு வரை இருந்தால் ஆபத்து. நிறைந்த தாங்கியில் காற்றுக்கு இடம் ஏது? இறக்கி முடித்த தாங்கியில்தான் அடியில் ஒட்டிய எண்ணெயும், மேலே ஆவியும், தாராளமாகக் காற்றும் இருக்கின்றன. ஒரு பொறி போதும்.

இதை உலகம் மிகவும் விலை கொடுத்துத்தான் படித்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒன்றிலேயே மார்பெசா, மாக்ட்ரா, கொங் ஹோக்கன் என்ற மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மூன்றும் எண்ணெயை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவை. வெறும் தாங்கிகளைத் தண்ணீர் பீச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நெருப்பென்று யாரும் ஒன்றும் பற்றவைக்கவில்லை. வேகமாகப் பீச்சிய தண்ணீர்த் தூறலிலேயே மின்னேற்றம் சேர்ந்து பொறி பிறந்திருக்கிறது என்று பிறகு ஆராய்ந்து கண்டார்கள். நைலோன் துணியை இருட்டில் கழற்றும்போது சடசடவென்று சின்னச் சின்ன வெளிச்சம் தெரியுமே, அதே சாதி மின்சாரம்தான். இதனால்தான் இப்போதும் சில எண்ணெய்களை ஏற்றும்போது தொடக்கத்தில் மிக மெதுவாகவே குழாயில் விடுகிறார்கள். வேகம் கூடினால் எண்ணெயிலும் மின்னேற்றம் சேரும்.

அந்த விபத்துகளுக்குப் பிறகுதான் ஓர் ஏற்பாடு பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாகியது. கப்பலின் கொதிகலனிலிருந்து வரும் புகையைக் கழுவி, குளிரவைத்து, எண்ணெய்த் தாங்கிக்குள்ளேயே செலுத்துகிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். அது ஏறக்குறைய 11க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் ஆவி தீப்பிடிக்காது. கப்பலில் அதை 8 சதவீதத்துக்கு மேல் போக விடுவதில்லை. புகையைக் கொண்டே நெருப்பைத் தடுக்கிறார்கள்! பச்சை விறகோடு போராடிப் புகையில் கண் கலங்கிய நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் நெருப்பு மூச்சுவிட முடியாத இடத்தில் மனிதன் மட்டும் விடுவானா? இங்கேதான் என் மகன் சொன்ன ஒரு சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"உம்மா, என் கூட்டாளி தாங்கிக்குள்ள விழுந்து கிடக்கிறதை நான் கண்ணால கண்டாலும் இறங்கப்படாது. அப்படித்தான் பழக்குறாங்க."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. விழுந்தவனுக்குக் கை கொடு என்றுதானே பிள்ளைகளை வளர்த்தோம்? காசு கட்டி இப்படியொரு கல்நெஞ்சப் படிப்பா? அவன் பதில் சொல்லவில்லை. "பெரியம்மாட ஊர்க் கிணறு ஞாபகம் இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

ஞாபகம் இல்லாமல் போகுமா? வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்ததால் எண்ணெயில் ஓடும் மோட்டரையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். அதன் புகை, நிறமும் மணமும் தெரியாத காபன் மொனொட்சைட் நஞ்சோடு, கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. மோட்டரைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அவருடைய தம்பி பாய்ந்து இறங்கினார். இரண்டு ஜனாஸாவும் ஒரே நாளில் போனது. அந்தத் தம்பிக்குக் கலியாணமாகி எட்டு மாதம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நான் மூன்று நாள் இருந்தேன். "அவர் நல்ல மனுஷன், அதனால்தான் போய்விட்டார்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சொல் எவ்வளவு உண்மை என்பது மகன் சொல்லும்வரை எனக்கு முழுதாக விளங்கவில்லை.

இது கிணற்றுக்கும் மலக்குழிக்கும் கப்பல் தாங்கிக்கும் பொது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட கணக்குப்படி, இப்படியான அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். ஆகவே கப்பலில் சட்டம் கடுமை. தாங்கிக்குள் இறங்க முன் காற்றோட்டம் கொடுத்து, ஒட்சிசன் 21 சதவீதத்துக்கு வந்துவிட்டதா, எண்ணெய் ஆவி இருக்கிறதா, நச்சு வாயு இருக்கிறதா என்று கருவி கொண்டு மேல், நடு, அடி என்று அளக்க வேண்டும். அனுமதிக் கடதாசியில் கையெழுத்து விழ வேண்டும். வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். உள்ளே போனவர் பதில் பேசாவிட்டால் அவர் மணியடித்து ஆள் கூப்பிடலாமே தவிர, இடத்தை விட்டு அசையக் கூடாது. மூச்சுக் கருவி மாட்டிய மீட்புக் குழு வந்துதான் இறங்கும். 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைக் கப்பலில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏன் இத்தனை ஒத்திகை? அறிவுக்குத் தெரிந்தாலும் கால் கேட்காதே! கூட்டாளி கிடக்கிறான் என்றதும் பாயத்தான் செய்யும். அந்தக் காலை நிறுத்திப் பழக்குவதற்குத்தான்.

மூக்கையும் நம்பக் கூடாதாம். சில கச்சா எண்ணெயிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்ச்சியே செத்துவிடும். "மணம் போயிட்டுது, இனிப் பயமில்லை" என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆள் விழுகிற நேரம்.

எங்களுக்குப் பொத்துவிலில் உறவினர்கள் உண்டு. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி அங்கிருந்துதான் எனக்கு முதல் தொலைபேசி வந்தது. சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் எரிகிறதாம், மகன் எங்கே என்று கேட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவன் வேறு கப்பலில் வேறு கடலில் இருந்தான். எரிந்தது நியூ டயமண்ட். குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,70,000 தொன் கச்சா எண்ணெயோடு போன கப்பல். 23 பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் இறந்துபோனார். தீ பிடித்தது இயந்திர அறையில். நமது கடற்படையும் விமானப் படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் சேர்ந்து போராடின. அடங்கியது என்று நினைத்த தீ திரும்பவும் பற்றியது. ஆனால் சரக்குத் தாங்கிகளுக்குத் தீ போகவில்லை. போயிருந்தால் பொத்துவில் முதல் கல்முனை வரை மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம்முடைய குசினிக்கு வருவோம். 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்தபோது நாங்களெல்லாம் அடுப்பைப் பற்றவைக்கப் பயந்து நின்றோமே! சமையல் கேஸும் பெற்றோலிய ஆவியும் காற்றை விடப் பாரமானவை. அவை மேலே போகாமல் தரையோடு படிந்து கிடக்கும். உயரத்திலுள்ள சின்ன ஜன்னலை மட்டும் திறந்துவிட்டால் கேஸ் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். கதவையும் திறந்து, அடியில் கிடப்பது வெளியே போக வழி செய்ய வேண்டும். மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே போய் நின்று தொலைபேசியில் பேசுங்கள். மகன் லீவில் வந்தால் முதலில் பார்ப்பது என் முகத்தையல்ல, கேஸ் குழாயைத்தான். என்ன செய்ய, தொழில் புத்தி!

இதைப் படித்துவிட்டுத் தன் பிள்ளையையும் அனுப்ப நினைக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எங்களிடமும் ஓர் ஏஜென்ட் வந்தார். பயிற்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சான்றிதழைத் தானே எடுத்துத் தருவதாகவும், கப்பலில் ஏற்ற இவ்வளவு இலட்சம் என்றும் பேசினார். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற செலவுகள்தான் நம்முடையவை; பயிற்சிக் கட்டணம் வேறு. பயிற்சியில்லாத சான்றிதழோடு ஒரு பிள்ளை தாங்கி வாசலில் நின்றால் அவன் உயிர் மட்டுமல்ல, உள்ளே இறங்கியவன் உயிரும் போகும். வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஒரு கொம்பனியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரியுங்கள்.

எல்லாப் பயிற்சியும் இருந்தும் கடல் கடல்தான். 2024 ஜூலையில் ஓமான் கரைக்கப்பால் பிரெஸ்டீஜ் ஃபால்கன் என்ற எண்ணெய்க் கப்பல் கவிழ்ந்தது. 13 இந்தியர், 3 இலங்கையர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 9 பேர், அவர்களில் நம்மவர் ஒருவர். அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. மற்ற இரண்டு வீடுகளும் எந்த ஊரோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மேல்நிலைப் பயிற்சிக்கு மகன் வருகிற வாரம் போகிறான். கப்பலின் பம்பும் வால்வும் அப்படியே திரையில் தெரியும் இயந்திரத்தில், எண்ணெயை ஏற்றவும் இறக்கவும் பழக்குவார்களாம். தங்குவதற்குத் தெமட்டகொடையில் சாச்சி வீடு இருக்கிறது. இரவு பஸ்ஸுக்கு டிக்கட் எடுத்தாயிற்று. நேற்று அவனுடைய தங்கை, "பொம்பிளைப் பிள்ளைகளும் இதைப் படிக்கலாமா நானா?" என்று கேட்டாள். உலக மாலுமிகளில் நூற்றுக்கு ஒருவரை விடக் கொஞ்சம் கூடுதலாகப் பெண்கள் இருக்கிறார்கள் என்று அவன் கணக்குச் சொன்னான். வாப்பா பத்திரிகையை இறக்கி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் ஊற்ற எழும்பிவிட்டேன்.