அரைப் பேர்

ஹட்டன் தபால் கந்தோரில், நான் போய் நின்ற காலத்துத் தந்திக் கவுண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டன்பார் மைதானத்தில் உதைபந்தாட்டம் முடிந்தால் திங்கள் காலை அங்கே முதல் ஆளாக நிற்பேன். இரண்டு அணிக்கும் சேர்த்து இருபத்திரண்டு பெயர், கோல் விழுந்த நிமிடம், நடுவர் பெயர், எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி நீட்டுவேன். உள்ளே இருந்த மாத்தயா பென்சில் நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் வாரா வாரம் ஒரே கேள்விதான்: "கோல் போட்டவன் பேர் போதாதா? எல்லார் பேரும் எதுக்கு?"

எல்லார் பேரும் வேண்டும் என்பேன். பாதிக் காசு என் சட்டைப் பையிலிருந்து போகும்.

தந்தி கொழும்புக்குப் போய், அங்கே ஒரு உதவி ஆசிரியர் கையில் மறுபடி தமிழாகும். நடுவழியில் ழகரமும் ளகரமும் செத்துப்போகும், தகரம் டகரமாகும். பேப்பர் கோச்சியில் வந்து இறங்கியதும் பையன்கள் என் லயக் காம்பராவுக்கு ஓடி வருவார்கள். ஒருவன் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நானா?" என்றான். "ரெண்டாவது கோல் யார்டா போட்டது?" "நான்தான்." "அப்ப இது நீதான்."

நான் பிறந்தது 1948. அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது, ஆகவே எனக்கும் அதற்கும் ஒரே வயது. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக் கந்தோரில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, எழுதினேன். 1968இலிருந்து கொழும்புத் தமிழ்ப் பேப்பர்களுக்கு விளையாட்டுச் செய்தியும் எழுதினேன். செக்ரோலைப் பற்றி வெளியாருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு வந்து, மலை ஏறி, சொன்ன இறாத்தல் கொழுந்து நிறுத்தால் முழுப் பேர். நிறை குறைந்தால், பிந்தி வந்தால், கங்காணி முகம் சுளித்தால் அரைப் பேர். "இன்னைக்கு எனக்குப் பேர் விழுந்துச்சாங்க ஐயா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த காது என்னுடையது. ஆறு நாளும் அரைப் பேர் போட்ட கைதான் ஞாயிற்றுக்கிழமை முழுப் பேர் எழுதியது. புண்ணியத்துக்கு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சி, நிறைய விளையாட்டுப் பைத்தியம்.

பேப்பரிலும் எங்களுக்கு அரைப் பேர்தான். மரம் முறிந்து விழுந்தால் 'தோட்டத் தொழிலாளி ஒருவர்', குளவி கொட்டினால் 'பெண் தொழிலாளர் மூவர்'. பெயரோடு வர வேண்டுமானால் சுடப்பட்டுச் சாக வேண்டும், இல்லை கோல் போட வேண்டும். மிகையாகச் சொல்லவில்லை. 1977 மே 11இல், தோட்டக் காணியைப் பறிப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். அவர் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

தரவளையில் துரைமார் கிளப் இருந்தது. அங்கே ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடினால் ஆங்கிலப் பேப்பரில் முழு ஸ்கோர் வரும், ஓட்டம் எடுக்காதவன் பெயர்கூட வரும். வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டவர்கள் எங்கள் பையன்கள். பங்களா அப்பு கொண்டுவந்து தரும் பழைய பேப்பரைப் பார்த்துத்தான் நான் ஸ்கோர் எழுதப் பழகினேன்.

ஆடியவர் பெயர்களை எழுத, 1976 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கொப்பி வைத்தேன். ஊர் கலைந்ததை எனக்குச் சொன்னவை அந்தக் கொப்பிகள். எங்களை எந்த நாடு ஏற்பது என்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது நாங்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இங்கே. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுபதுகளில் கப்பல் வேகம் பிடித்தது. ஒரு வருடம் பின்வரிசையில் நின்ற இரண்டு அண்ணன் தம்பி அடுத்த வருடக் கொப்பியில் இல்லை. நடுவில் ஆடிய மூன்று பேரில் ஒருவன்தான் மிஞ்சினான். சில தோட்டங்களில் பதினொன்று சேராமல் ஏழு பேரோடு ஆடினோம்.

ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை ஊரில் அழுகைக் கோச்சி என்பார்கள். பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே ஓலம், விசில் சத்தம்கூடக் கேட்காது. எங்கள் கோல் காப்பாளன் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறடி ஆள், கையில் தகரப் பெட்டி. முதல் நாள் இரவு வந்து, அவன் பெயர் வந்த பேப்பர்த் துண்டைக் கேட்டிருந்தான். கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் தடவிப் பிரித்துக் கொடுத்தேன். அவன் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டான்.

"அங்கன யாராச்சும் நீ யாருன்னு கேட்டா இதக் காட்டுவேண்ணே."

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் அவன் பெயர் ஒரு மாதிரி, பேப்பரில் ஒரு மாதிரி. இரண்டும் பிழை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனான் என்பதுவரை தெரியும். கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

1973, 74 பஞ்சத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை, மா இல்லை, அரிசி இல்லை. ஆட்டத்தின் முக்கால் மணிப் பாதியை இருபது நிமிடமாகக் குறைத்தோம், அதிலும் பையன்கள் மயங்கி விழுந்தார்கள். கடையில் மையும் கிடைக்கவில்லை. 1974 கொப்பி முழுவதையும் பென்சிலால் எழுதினேன்.

பிறகு 1977. ஜூலைத் தேர்தல் முடிந்து, ஓகஸ்ட் நடுவில் கலவரம் மலைக்கு ஏறியது. சாக்குத் துணி சுற்றிய தீப்பந்தத்தோடு வருகிறார்கள் என்று தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னபோது அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கினாள். நான் ஒன்பது கொப்பியையும் அவளுடைய கொழுந்துப் படங்கில் சுற்றித் தோளில் போட்டேன். தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறப் படுத்தால் இரண்டடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அட்டை கடித்தது. விடிய விடிய மழை. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டே அவள் காதோடு சொன்னாள்: "சாப்பாட்டுச் சட்டிய விட்டுட்டு ஊரான் பேரச் சுமந்துக்கிட்டு வந்திருக்கீங்களே."

காலையில் எங்கள் லயத்தில் நான்கு காம்பரா கரியாகக் கிடந்தது. படங்கைப் பிரித்தேன். எட்டுக் கொப்பியில் மை கரைந்து நீலத் தண்ணீராக வடிந்தது. பக்கங்களில் கோடு மட்டும் இருந்தது. பென்சிலால் எழுதியது மட்டும் எழுத்து எழுத்தாக அப்படியே இருந்தது. பஞ்சம் எனக்கு ஒரு வருடத்தை மிச்சம் வைத்தது.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் லொறி லொறியாகச் சனம் போனது. இந்தியாவுக்குப் பெயர் கொடுக்காமல் இருந்தவர்களும் இந்த வழியாகப் போனார்கள். 1983 ஜூலையில் நுவரெலியாக் கடைத்தெரு எரிந்தபோது எனக்கு எழுத அணியே இருக்கவில்லை. அப்போதும் என்னிடம் தேசிய அடையாள அட்டை கிடையாது, அது பிரஜைகளுக்கு உரியது. நிருபர் அட்டைதான் என் படம் ஒட்டிய ஒரே காகிதம். சோதனைச் சாவடியில் அதை எடுப்பதா, ஒளிப்பதா என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். 1988இல் வந்த குடியுரிமைச் சட்டம்தான் என்னைப் போன்றவர்களை எட்டியது.

இதற்கிடையில் கண்டியிலிருந்து ஒரு பையன் கிளம்பினான். முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அவர்கள் குடும்பத்துப் பிஸ்கட் தொழிற்சாலையும் 1977இல் எரிந்தது. 2002 ஜனவரி 4ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில், சிம்பாப்வேக்கு எதிராக முரளிதரன் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்தபோது நான் பத்திரிகையாளர் கூண்டில் ஸ்கோர்த் தாள் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ஊடக உதவி' என்று கழுத்தில் அட்டை. வெளிநாட்டு நிருபர் ஒருவர் முரளிதரன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். உலகம் எழுதுகிறபடி சொன்னேன். 2007இல் வார்ன்–முரளிதரன் கிண்ணம் அறிவித்தபோதுதான், நடுவில் வரும் தகரத்துக்கு உலகம் போடும் ஆங்கில எழுத்து வேறு, அவர் விரும்பியது வேறு என்று தெரிந்தது. எண்ணூறு விக்கெட் எடுக்கப்போகிறவருக்கே அப்படி. நானும் பிழையாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பல வருடம் நான் எழுதிய பத்திரிகை ஒன்று கடைசியில் என் சேவை போதும் என்று ஒரு வரிக் கடிதம் போட்டது. அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. சிரித்துக்கொண்டே மடித்து வைத்தேன்.

இப்போது 1974 கொப்பியைப் பிரதி எடுத்து முடித்துவிட்டேன். மற்ற எட்டு வருடங்களில் நினைவில் வந்த பெயர்களைப் பென்சிலால் எழுதி வருகிறேன், இடைவெளி நிறைய இருக்கிறது. கோத்தகிரியிலோ கூடலூரிலோ கிளிநொச்சியிலோ இதைப் படிக்கிறவர்களே, 1968 முதல் 1976 வரை ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் பந்து ஆடியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இருந்து மறைந்திருந்தால், அவர் பெயர், தோட்டம், எந்த இடத்தில் நின்று ஆடினார் என்பதை இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.