கிளுவை வேலியோரம் ஒரு குஞ்சு வாசல்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், ஊதியூர் மலையை ஒட்டிய பகுதிகளில் கொரங்காடுகளைப் பார்க்கலாம். முள்கிளுவையால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நிழல் தரும் வெள்வேல் மரம். காங்கேயம் மாட்டையும் செம்மறி ஆட்டையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மேய்ச்சல் நிலம் இது. மாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்த வேலியோரம் சருகைக் கிளறித் திரியும் நாட்டுக்கோழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பல சாளைகளில் அன்றாடச் சில்லறைச் செலவைத் தாங்குவது அந்தக் கோழிதான்.

அப்படி ஒரு சாளை. மகன் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகிறார். ஆடு மாடு மாமியார் பொறுப்பு, கோழி மருமகள் பொறுப்பு. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குக் கோழி விற்ற பணத்தில்தான் தவணை கட்ட வேண்டும்.

ஒரே இரவில் வந்த இழப்பு

சிறுவிடைக் கோழி 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்தால், ஏறக்குறைய இரண்டு மாதம் குஞ்சுகளோடு திரியும். அதுவரை முட்டை கிடையாது. குஞ்சைச் சீக்கிரமே பிரித்துவிட்டால் தாய் விரைவில் மறுபடி முட்டைக்கு வரும். இதைக் கணக்குப் போட்ட மருமகள், சென்ற ஆண்டு 18 குஞ்சுகளை மூன்றாம் நாளே பிரித்து, அட்டைப் பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வளர்த்தார். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன.

ஐந்தாவது வாரம், ஆடி மாதத்து மாலைப் பொழுதில், அவற்றைப் பெரிய கோழிகள் அடையும் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். காலையில் திறந்தபோது மூன்று குஞ்சுகள் தலையில் கொத்துப்பட்டுச் செத்துக் கிடந்தன. மிஞ்சியவை தீவனத் தட்டுப் பக்கமே போகப் பயந்து மூலையில் ஒடுங்கின. மேற்கே பார்த்த கூண்டு என்பதால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இரவெல்லாம் உள்ளே அடித்தது. சில சளி பிடித்துச் செத்தன. சிலவற்றைக் கீரியும் வல்லூறும் தூக்கிக்கொண்டு போயின. மாதக் கடைசியில் ஆறுதான் மிச்சம். அந்த முறை குழுத் தவணைக்கு ஆட்டுக்குட்டியை விற்க வேண்டி வந்தது.

"ஏனுங்கத்தை, நம்ம கோழியே நம்ம குஞ்சைக் கொல்லுமுங்களா?" என்று மருமகள் கேட்டார்.

"அது நம்ம குஞ்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும் கண்ணு? தாயோட போயிருந்தாத் தெரியும். தனியாப் போனா அது வேத்தூருக் கோழிதான்" என்றார் மாமியார்.

தாய் செய்யும் மூன்று வேலைகள்

மாமியார் சொன்னது அனுபவப் பேச்சு. அறிவியலும் அதையேதான் சொல்கிறது. கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் உயரத்தில் அடைவது என்று ஒரு வரிசை உண்டு. கொத்திக் கொத்தி அமைந்த வரிசை அது. புதிதாக யார் வந்தாலும் அந்த வரிசை கலையும், கொத்து விழும். தாயோடு திரியும் குஞ்சைக் கொத்த வரும் கோழியைத் தாய் விரட்டிவிடும். குஞ்சும் அந்தக் கூட்டத்தின் கண் முன்னாலேயே வளர்ந்து பழகிவிடும்.

ஆகவே தாய் செய்வது மூன்று வேலை: சூடு கொடுப்பது, எதிரியிடமிருந்து காப்பது, கூட்டத்தில் இடம் பிடித்துக் கொடுப்பது. பல்பு முதல் வேலையை மட்டும் செய்கிறது. மற்ற இரண்டையும் வளர்ப்பவர்தான் செய்ய வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் இந்த ஆண்டு அந்தச் சாளையில் வேலை நடந்தது.

சூட்டிலிருந்து வெயிலுக்கு

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுகள் பல்பின் கீழ் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். நான்காம் வாரக் கடைசியில் பகலில் பல்பு நின்றது, அடுத்த சில நாளில் இரவிலும் நின்றது.

ஐந்தாம் வாரம், பனி உலர்ந்த பிறகு காலையில் ஒரு மணி நேரம் பஞ்சாரத்தில் மூடிப் புல்தரையில் விட்டார்கள். நேரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மேகம் மூடிய நாளில் வெளியே விடவில்லை. பஞ்சாரம் இருந்த இடத்தையும் தினமும் மாற்றினார்கள். ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்து ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். எச்சத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும்.

பார்க்கலாம், கொத்த முடியாது

ஆறாம் வாரம், வீட்டுக்குக் கிழக்குப் புறம், கிளுவை வேலியை ஒட்டி ஆறடிக்கு நான்கடியில் ஓர் அடைப்பு போட்டார்கள். நான்கு புறமும் மேலேயும் அரை அங்குலக் கம்பி வலை, மேற்குப் பக்கம் காற்றுத் தடுப்பாகத் தென்னங்கீற்றுத் தட்டி. பெரிய கோழிகள் தினமும் மேயும் வழியிலேயே அந்த இடம் இருந்தது. முதல் இரண்டு நாள் கோழிகள் வந்து வலையைக் கொத்திப் பார்த்தன. ஒரு வாரத்தில் அலுத்துப்போய், வலைக்கு அந்தப் பக்கம் குஞ்சு நிற்க, இந்தப் பக்கம் மண் குளியல் போட ஆரம்பித்தன. இரண்டு வாரம் இப்படியே போனது. இரவில் குஞ்சுகள் வீட்டுக்குள் பெட்டிக்குத் திரும்பின.

எட்டாம் வாரம் அடைப்பின் அடியில் ஒரு குஞ்சு வாசல் வைத்தார்கள். இருப்பதில் பெரிய குஞ்சு நுழைய வேண்டும், இருப்பதில் சின்னக் கோழி தடைபட வேண்டும், அதுதான் அளவு. குஞ்சு வெளியே வரும், யாராவது துரத்தினால் ஓடி உள்ளே புகுந்துகொள்ளும். கிளுவை வேலியின் அடிப்பகுதியும் ஒளிய இடம் கொடுத்தது.

தீவனத்திலும் கவனம் தேவைப்பட்டது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். அதனால் குஞ்சுத் தீவனம் அடைப்புக்குள்ளேயே இருந்தது. வெளியே தண்ணீர் மூன்று இடங்களில் வைக்கப்பட்டது. ஒரே தட்டு என்றால் பலசாலி மறித்து நின்றுகொள்ளும்.

பத்தாம் வாரம், நன்றாக இருட்டிய பிறகு, எல்லாக் குஞ்சுகளையும் ஒரே இரவில் பெரிய கூண்டில் குச்சி மேல் ஏற்றி உட்கார வைத்தார் மருமகள். விடியும் முன்பே எழுந்து கதவைத் திறந்துவிட்டார். சில கொத்துகள் விழுந்தன, ரத்தம் வரவில்லை. ரத்தம் தெரிந்தால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும் என்பதால், காயம்பட்டதை உடனே தனியே பிரிக்க வேண்டும்.

20 குஞ்சுகளில் 18 தேறின. ஒன்று முதல் வாரத்திலேயே நலிந்து போனது. ஒன்றை, அடைப்பைச் சாத்த மறந்த மதியத்தில், காக்கை கொண்டுபோனது.

கடைசிப் பாடம்

சில நாள் கழித்து ஒரு மதியம், களத்து மேட்டில் பருந்தின் நிழல் விழுந்தது. சேவல் எச்சரிக்கைக் குரல் கொடுக்க, கோழிகள் வேலியை நோக்கி ஓடின. பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த 18 குஞ்சுகளும் அவற்றின் பின்னாலேயே ஓடிக் கிளுவை அடியில் பதுங்கின.

"பாருங்கத்தை, ஒண்ணுகூட நிக்கலைங்க."

"இனி அதுக நம்ம கூட்டம் கண்ணு" என்றார் மாமியார்.

கவனத்துக்கு

* வெள்ளைக்கழிச்சலுக்கு 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் தடுப்பூசி. பெரிய கோழிகளுக்கு, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும் இருவாரத் தடுப்பூசி முகாமைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.
* வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழக்கத் தொடங்க வேண்டும்.
* ஒற்றைக் குஞ்சைக் கூட்டத்தில் விடக் கூடாது. எல்லாக் கொத்தும் அதன் மேலேயே விழும்.
* வாரக் கணக்கு ஒரு வழிகாட்டிதான். இறகு முழுதாக முளைத்திருக்கிறதா, உடல் தேறியிருக்கிறதா என்று பார்த்தே அடுத்த படிக்குப் போக வேண்டும்.