ஒரே இனிஷியல், ரெண்டு அக்கா

கொஞ்ச நாளாக ஆபீசில் ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. எங்கள் வங்கி பழைய சி.ஆர்.எம். மென்பொருளை விட்டுப் புதுசுக்கு மாறியது. பி.காம். படித்துவிட்டுப் பற்று வரவு எழுத வந்தவனுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். பொட்டி தட்டுபவர்கள் முடித்தது போக மீதி வேலை கிளையின் தலையில்தான் விடியும்.

தெரியாதவர்களுக்கு: கணக்கில் எவ்வளவு பணம் என்பது கோர் பேங்கிங்கில் இருக்கும். நீங்கள் யார், போன் நம்பர் என்ன, என்ன புகார் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் சி.ஆர்.எம்.மில். எங்கள் வங்கியில் எஸ்.எம்.எஸ். போகும் நம்பரும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் மாற்றுவதற்கு முன், "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்டு ஒரு எக்செல் பட்டியல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஜோடி. மூன்று நாள் கெடு.

நான் இருப்பது ஜீவனஹள்ளி. பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனுக்கும் காக்ஸ் டவுனுக்கும் பக்கம். தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும். நமக்கு ஏதுங்க சர்நேம்? அப்பா பெயரின் முதல் எழுத்து. கல்யாணமான பிறகு சிலருக்குக் கணவர் பெயரின் முதல் எழுத்து. புது மென்பொருளில் 'கடைசிப் பெயர்' கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதனால் இனிஷியல் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணி. தங்கமணி ரெண்டு முறை போன் செய்தாகிவிட்டது. திரையில் ஒரு ஜோடி. ஒரே பெயர், ஒரே 'எஸ்', ஒரே பின்கோடு. ரெண்டு பேருக்குமே பான் இல்லை. பிறந்த தேதியும், ஏன், வருடமும்கூட ஒன்று: ஜனவரி 1. தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 போடுவது எங்கள் கிளையின் பழைய வழக்கம். அது எனக்கும் தெரியும். மாடிக்குப் போய்க் கணக்குத் திறந்த படிவங்களை எடுத்துப் பார்த்திருந்தால், ஒருவருடைய 'எஸ்' அப்பா, இன்னொருவருடைய 'எஸ்' கணவர் என்று தெரிந்திருக்கும். போகவில்லை. 'சேர்' பட்டனை அமுக்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, மார்க்கெட்டில் பூ விற்கும் அக்கா வந்து நின்றார். கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமி திட்டத்தில், குடும்பத் தலைவிக்கு மாதம் 2000 ரூபாய்.

"எல்லாருக்கும் வருது சார், என் பேரை மட்டும் எடுத்துட்டாங்க போல. ரெண்டு நாள் வியாபாரத்தை விட்டுட்டு அந்த ஆபீஸ்ல போய் நின்னேன்."

பார்த்தேன். பணம் கணக்கில்தான் இருந்தது. வந்த சேதி மட்டும் இன்னொரு அக்காவின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரோ ஏதோ தப்பு மெசேஜ் என்று விட்டுவிட்டார்.

"சிஸ்டம் தப்பும்மா" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் முடியவில்லை. "நான்தான்க்கா பார்க்காம பண்ணிட்டேன்" என்றேன்.

"அப்போ என் ரெண்டு நாள் வியாபாரம்?"

எங்களிடம் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. அதற்கு மட்டும் இல்லை.

2018 ஏப்ரலில் பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களைப் புதுத் தளத்துக்கு மாற்றியது. அங்கிருக்கும் நம்மவர்களுக்கு நினைவிருக்கும். தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது, தளம்தான் படுத்துவிட்டது. எத்தனையோ பேர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். எங்கள் கதை தலைகீழ். தளம் ஜோராக ஓடியது, ஆள்தான் காணாமல் போனார். பத்திரிகையில் வராது, அபராதமும் கிடையாது.

சேர்க்க ஒரு கிளிக். பிரிக்கப் பதினோரு நாள். பிறகு பட்டியலில் நான் சேர்த்த ஜனவரி 1 ஜோடிகளை எல்லாம் படிவத்தோடு வைத்துப் பார்த்தேன். இன்னும் நாலு ஜோடி சிக்கியது.

இப்போது மார்க்கெட் பக்கம் போனால் அந்த அக்கா கேட்கிறார்: "சார், இன்னிக்கு நான் நானா, வேற யாராவதா?"

பி.கு.: லீவில் ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் வங்கிக் கணக்கை ஒருமுறை பாருங்கள். இனிஷியலுக்குப் பதில் முழுப்பெயர், சரியான பிறந்த தேதி, அவர்கள் கையில் இருக்கும் போன் நம்பர், நாமினி. அரை நாள் வேலைதான்.