கழுத்துக்குப் பின்னால்

2025 மார்ச் 25 காலை, சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து ஆறு பெண்களின் கழுத்திலிருந்து சங்கிலி பறிக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கிண்டி, அடையாறு வட்டாரத்தில் பைக்கில் வந்த இருவரின் வேலை அது. மறுநாள் தரமணியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சந்தேக நபர் ஒருவர் இறந்ததோடு செய்தி ஓய்ந்தது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் நசரத்பேட்டையில் ஒரு பத்தருக்கு அப்போதுதான் வேலை தொடங்கியது. "அந்த வாரம் பூரா, எஸ் கொக்கிய எடுத்துட்டு நல்லா கெட்டியா திருகு போட்டுக் குடுங்கன்னுதான் வந்தாங்க சார்" என்கிறார். வந்தவர்களில் பாதிப் பேரை, வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் பத்தரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நண்பர் ஒருவர் அழைத்துப் போனார்.

வெளிவட்டச் சாலை நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் நசரத்பேட்டை. லாரிகளும் பொறியியல் கல்லூரிப் பேருந்துகளும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். செல்போன் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க வேண்டும் என்கிற அளவில் பட்டறை. பத்தருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேப்பரில் பெயர் வந்தால் உள்ளே கிலோ கணக்கில் தங்கம் இருப்பதாக எவனாவது நினைத்துக்கொள்வான் என்ற பயம்! உமி அடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஊதுகுழலும் சாமணமும் குறடும் அரமும் மாறவில்லை. தங்கத்தை உருக்குவது, கம்பி இழுப்பது பற்றி அவரும் அதிகம் பேசவில்லை. எனக்கும் அதில் ஆர்வம் இல்லை. பேச்சு முழுவதும் சங்கிலியின் கடைசி அரை அங்குலத்தைப் பற்றித்தான்.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மகன் வாங்கித் தந்த மெல்லிய சங்கிலியை நீட்டினார். "பத்தரே, இதக் கழட்ட எனக்கு மருமக வேண்டியிருக்கு. அவ ஊருக்குப் போனா சங்கிலியோடவே குளிக்கிறேன்."

அதில் இருந்தது ஸ்பிரிங் வளையம். கடுகளவு குமிழை நகத்தால் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி எதிர்முனை வளையத்தை உள்ளே நுழைக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால், கண் பார்க்காத இடத்தில், இரண்டு கையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. இருபது வயதில் யாருக்கும் இது ஒரு பொருட்டில்லை. நகைக்கடைகளில் மாட்டிக் காட்டுகிறவர்களும் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான். வாங்குகிறவர் கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பதோடு சரி. பத்தர் அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு, பெரிய அளவு லாப்ஸ்டர் கொக்கி ஒன்றைப் போட்டார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும் அது இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. "சங்கிலி மெல்லிசா இருக்குன்னு கொக்கியையும் குட்டியா போடுறாங்கம்மா. பின்னாடி இருக்கறத யாரு பாக்கப் போறா? விரலுக்கு ஏத்த மாதிரி போட்டாத்தான் கழட்ட வரும்." எதிர்முனையில் இருந்த சின்ன வளையத்தையும் எடுத்துவிட்டு, தடவினாலே சிக்கும்படி அகலமான வளையம் ஒன்றை வைத்தார்.

பழைய கொக்கியைச் சங்கிலியோடு இணைத்திருந்த வளையத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பிக் காட்டினார். ஒரு இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தது. கம்பியை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்திருக்கிறார்களே ஒழிய, பற்றவைக்கவில்லை. கொக்கி போய்விட்டது என்று கொண்டு வரப்படும் சங்கிலிகளில் பாதிக்கு மேல், போனது கொக்கி இல்லையாம், அதைச் சங்கிலியோடு இணைக்கும் இந்த வளையம்தானாம். அதன் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒருநாள் சங்கிலி நழுவிவிடும். கொக்கி மட்டும் பூட்டியது பூட்டியபடி இருக்கும். பற்றவைக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. லாப்ஸ்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் எஃகு; நெருப்புப் பட்டால் அதன் விறைப்பு போய்விடும். அதனால் வளையத்தைத் தனியே பற்றவைத்து முடித்த பிறகுதான் கொக்கி. அவசரக்காரன் எல்லாவற்றையும் சேர்த்து ஊதிவிடுவான். ஆறு மாதத்தில் கொக்கி வாயை மூடாது.

தமிழ்நாட்டுக் கழுத்துகளில் இன்னும் அதிகம் கிடப்பது எஸ் கொக்கிதான். வளைத்த கம்பி ஒன்று. அதில் ஸ்பிரிங் இல்லை, மரை இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. மாட்டிவிட்டுப் பல்லால் கடித்து வாயை இறுக்குவது நம் வீடுகளில் வழக்கம். 22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். பல்லுக்கே வளைந்து கொடுக்கும். ஆனால் வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி வந்தால் அந்த இடம் மட்டும் விறைத்துப்போய் ஒருநாள் பட்டென்று ஒடியும். பத்தரிடம் கொடுத்தால் தணலில் காட்டிப் பதமாக்கித் தருவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். யாரும் வருவதில்லை.

திருகு பற்றிக் கேட்டதும் பத்தரின் முகம் மாறியது. மேசை அறைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். விரல் நீள எஃகுத் தகடு. அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய்த் துளைகள், ஒவ்வொன்றின் உட்சுவரிலும் மரை. கம்பியின் நுனியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்துத் துளையில் செருகினார். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. மறுபடி அரை, மறுபடி கால். பின்னால் திருப்பாவிட்டால் சீவல் அடைத்துக்கொண்டு மரை கிழிந்துவிடும். கீழே விரித்த காகிதத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தங்கத்தூள் விழுந்தது. இந்த ஆணிக்கு ஏற்ற சுரையின் உட்புற மரையையும் இதே அளவில் வெட்ட வேண்டும். வேறு பட்டறைத் திருகு இதில் ஏறாது.

தகடு அவருடைய அப்பா செய்தது. பழைய அரத்தை அறுத்து, பதம் இறக்கி, துளையிட்டு, மறுபடி பதம் ஏற்றியது. அப்பாவுக்கு அந்த வித்தை நகைப் பட்டறையில் வந்ததில்லை.

1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. சீனப் போர் முடிந்த கையோடு, தங்க மோகத்தையும் கடத்தலையும் குறைக்க என்று காரணம் சொன்னார்கள். 14 காரட் நகையை இந்தியாவில் யார் கேட்டார்கள்? நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் அடுப்பை அணைத்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. 14 காரட் உச்சவரம்பு 1966-இல் விலகியது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990 வரை நீடித்தது. அப்படி அடுப்பை அணைத்த பத்தரின் அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். விஜயந்தா டாங்கி உருவான இடம். மரையின் இடைவெளி, கோணம், அளவுமானி எல்லாம் அங்கே படித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் வீட்டில் உட்கார்ந்து தாலிக்கொடிக்கும் கொலுசுக்கும் திருகு வெட்டினார். "டாங்கிக்குப் போட்ட மரைதான் சார் இதுவும். சைஸ்தான் வேற."

நல்ல திருகுக்கு அடையாளம், குறைந்தது மூன்று முழுச் சுற்று தடங்கலில்லாமல் ஏறி, கடைசியில் பிடித்து நிற்க வேண்டும். ஒன்றரைச் சுற்றில் நின்றால் வாங்காதீர்கள். மஞ்சளும் பவுடரும் வியர்வையும் சேர்ந்து மரையில் படிந்தால் இறுகியது போலப் பொய் சொல்லும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். தேய்ந்த மரையில் ஒரு சுற்று நூல் சுற்றித் திருகும் பாட்டி வைத்தியத்தைப் பத்தரும் ஒப்புக்கொள்கிறார், பட்டறைக்குக் கொண்டு வரும் வரைக்கும்.

அப்படியானால் மார்ச் மாதம் வந்தவர்களை ஏன் திருப்பி அனுப்பினார்?

"தாலிக்கொடின்னா சரி. ராத்திரி பகல் கழட்ட மாட்டாங்க. தூக்கத்துல நழுவக் கூடாது, கைக்குழந்தை இழுத்தா வரக் கூடாது. திருகுதான் சரி. ரோட்டுல நடக்குறவங்களுக்குப் பயந்து போடுறது வேற சார். பைக்ல போறவன் இழுக்குறான். கெட்டிச் சங்கிலி, கெட்டித் திருகு. எதுவும் அறலன்னா யாரு விழுவா? சங்கிலி போனா ஸ்டேஷனுக்குப் போலாம். கழுத்து போனா?" மெல்லிய எஸ் கொக்கி அந்த வேகத்தில் விரிந்து விட்டுக்கொடுத்துவிடும். பறிகொடுத்தவர்கள் தரையில் இழுபட்டுக் காயமடைந்த செய்திகள் வராத மாதம் இல்லை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பறிப்பை 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கி மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. பறிகொடுத்தவரின் எலும்பை அது ஒட்டவைக்காது. என் கட்சியும் பத்தர் கட்சிதான்: தெருவில் போடும் சங்கிலிக்குப் பூட்டை விட விட்டுக்கொடுக்கும் கொக்கியே பாதுகாப்பு. குழந்தைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மாலையில் கல்லூரிப் பெண்கள் இருவர் வந்தார்கள். கவரிங் பிரேஸ்லெட், காந்தக் கொக்கி. சவுகார்பேட்டையில் மொத்தமாகக் கிடைக்கும் சரக்கு. ஒற்றைக் கையால் மாட்டலாம் என்பது அதன் வசதி. பையின் ஜிப்பில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிடுவது அதன் குணம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது. வளையத்துக்குள் குறுக்குக் கம்பியை நுழைத்து நிறுத்தும் வகையும் உண்டு. ஆரத்தின் எடை கீழே இழுப்பதால் கழுத்தில் நிற்கும், கை தளர்ந்தால் மணிக்கட்டில் நழுவும். கைக்கு லாப்ஸ்டரும், கூடவே ஒரு மெல்லிய பாதுகாப்புச் சங்கிலியும் என்பது பத்தரின் சிபாரிசு. தனியாக மாட்ட முடியவில்லையா? ஊக்கு ஒன்றைக் கடைசி வளையத்தில் கோத்து, அதை உள்ளங்கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டால் மற்றொரு கை வேலையை முடித்துவிடும். இதற்குக் கூலி வாங்கவில்லை.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. பெரிய கடையில் சங்கிலியை எடை போட்டு, அந்த முழு எடைக்கும் சதவீதக் கணக்கில் சேதாரம் போடுகிறார்கள். கொக்கி பாக்கெட்டில் தயாராக வந்தது. அதை இங்கே யாரும் உருக்கவில்லை, அராவவில்லை. அதற்கு என்ன சேதாரம்? உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங்கும் தங்க விலையில்தான் தராசில் ஏறுகிறது. அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இதே கடைக்குப் பற்றவைத்துக் கொடுக்கும் பத்தருக்குக் கிராமுக்கு இவ்வளவு என்று பேரம் பேசிய கூலி, அதிலும் பாக்கி. கே.டி.எம். என்று விளம்பரப்படுத்தி விற்ற காலத்தில், வாடிக்கையாளருக்குத் தரம் குறையாத பற்று கிடைத்தது. அதற்கு வைத்த காட்மியத்தின் புகை ஊதியவரின் நுரையீரலுக்குப் போனது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைத் தடை செய்த பிறகும், ஊதியவர்களுக்கு மருத்துவச் செலவு கொடுத்த கடை எதையும் பத்தர் கேள்விப்பட்டதில்லை. இருமிக்கொண்டே சொன்னார்.

நகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 கிராமுக்குக் குறைந்த பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. அதனால் கொக்கியைத் தனியாக மாற்றும்போது அது எத்தனை காரட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வளையத்தின் வாய் பற்றவைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். போட்டுக்கொள்ளப் போகிறவரே, கண்ணாடியைப் பார்க்காமல், தன் கையாலேயே இரண்டு முறை மாட்டிக் கழற்றட்டும். அது முடியும் வரை பில் போட விடாதீர்கள்.