கன்னேரிமுக்கு: காட்டின் கதையைச் சொல்லும் சிவப்பு பங்களா

சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், அம்பத்தூரில் நிற்காமல் ஓடும். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம் அது. விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கே இறங்குகிற மேற்குச் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் மலை ரயிலுக்கு ஓடுவார்கள், இல்லாவிட்டால் குன்னூர் வழியாக ஊட்டிக்கு பஸ் பிடிப்பார்கள். அதே மேட்டுப்பாளையத்திலிருந்து பிரியும் இன்னொரு மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறினால் கோத்தகிரி. அதையொட்டிய சின்னக் கிராமம் கன்னேரிமுக்கு. ஊட்டி என்ற ஊருக்கே இங்கேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி அளவுக்குக் குளிர் கிடையாது, கூட்டமும் கிடையாது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நடுநடுவே படுகர் இன மக்களின் ஊர்களான ஹட்டிகள், வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை என்பதுதான் டீக்கடைப் பேச்சு. மார்கழி, தை மாதங்களில் பக்கத்துப் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா வந்துவிட்டால், வெள்ளை உடுத்திய படுகர் கூட்டம் சாலைகளை நிறைத்துவிடும்.

கன்னேரிமுக்கில் மலைச்சரிவைப் பார்த்தபடி சிவப்பு வண்ணம் பூசிய பங்களா ஒன்று நிற்கிறது. பெயர்ப் பலகையில் ஜான் சல்லிவன் நினைவகம். பெத்தகல் பங்களா என்ற பெயரும் அதற்கு உண்டு. 1819-ல் கட்டத் தொடங்கிய இதுதான் நீலகிரியின் முதல் நவீனக் கட்டடம் என்று சொல்லப்படுகிறது.

கட்டியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். லண்டனில் 1788 ஜூன் 15 அன்று பிறந்தவர். 1819 ஜனவரியில் இந்த மலைக்கு ஏறி வந்தபோது அவருக்கு வயது 30. அவருக்கு முன்பே வெள்ளையர்கள் சிலர் இங்கே வந்து போயிருந்தார்கள். 1603-லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலபாரிலிருந்து ஏறி வந்து மலைப் பழங்குடிகளான தோடர்களைச் சந்தித்திருக்கிறார். 1812-ல் சர்வே எடுக்க ஒரு குழு வந்தது. 1818-ல் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் கோத்தகிரிப் பக்கம் வந்து, சமவெளி வெயிலில் இருப்பவர்களால் நம்ப முடியாத குளிர் இங்கே அடிக்கிறது என்ற சேதியோடு இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். சல்லிவன் மட்டும் வீடு கட்டிவிட்டார்.

அதே 1819-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோ த லா தூர் நோயாளியாக இந்த மலைக்கு வந்து உடம்பு தேறினார், செடிகளையும் சேகரித்தார். நீலகிரிச் சோலைகளின் ஈரநிழலில் வெள்ளையாகப் பூக்கும் காசித்தும்பை வகை ஒன்று இன்றும் தாவரவியலில் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. மலையின் தட்பவெப்பம் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு மதராஸ் வரை பரவியதில் அவருக்கும் பங்குண்டு.

வீடு வந்தது, அடுத்து பாதை வேண்டும். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு அருகேயுள்ள திம்பட்டிக்குக் குதிரைப் பாதை ஒன்றை மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி அமைத்தார். 1823-ல் வேலை முடிந்தது. அதற்குள் சல்லிவன் இன்னும் மேலே, ஊட்டிக்கு நகர்ந்துவிட்டார். அங்கே அவர் கட்டிய வீடுதான் ஸ்டோன் ஹவுஸ். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, முதல்வரின் அலுவலகமாகப் பயன்படுகிறது. ஊட்டி ஏரியை வெட்டியதும், உருளைக்கிழங்கும் பார்லியும் சீமைக் காய்கறிகளும் பயிரிட்டதும் அவர் காலத்தில்தான்.

கன்னேரிமுக்கு சின்னதாகவே நின்றுபோனதற்கும் காரணம் உண்டு. 1830-களின் தொடக்கத்தில் கவர்னர் லஷிங்டன் காலத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்தது. போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. 1899-ல் மலை ரயில் குன்னூருக்கு வந்தது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கோத்தகிரிக்குத் தண்டவாளம் வரவே இல்லை. ஓட்டல் கட்டடங்கள் ஊட்டியை மூடிக்கொண்டபோது கன்னேரிமுக்கு தேயிலைக்கு நடுவே தப்பித்துக் கிடந்தது. ஆனால் பங்களாவுக்கு அது நன்மையாக அமையவில்லை. கேட்பாரில்லாமல் கிடந்து, சுவர் இற்று, கூரை சரிந்து, பாழடைந்த கட்டடமாகிவிட்டது.

அதை மீட்டெடுத்தவர் அப்போதைய நீலகிரி கலெக்டர் சுப்ரியா சாகு. மாவட்டத்தில் பிளாஸ்டிக்கை ஒழிக்க ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ நடத்தியவரும் அவர்தான். அவர் முயற்சியில் 2002 வாக்கில் பங்களா சீரமைக்கப்பட்டு நினைவகமானது. நீலகிரி ஆவண மையம் இங்கே இயங்குகிறது. மலையின் பழைய புகைப்படங்கள், ஆவணங்கள், பழங்குடிகளின் வாழ்க்கையைச் சொல்லும் பொருட்கள் இங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் 15 அன்று சல்லிவன் பிறந்தநாள் விழா நடக்கும். மலையில் பங்களா எழுந்த 200-வது ஆண்டு 2019-ல் நிறைந்தது. 2022-ல் ஊட்டி 200 கொண்டாடியபோது அங்கே சல்லிவனுக்குச் சிலையும் வைத்தார்கள்.

பழம்பொருள் என்றவுடன் ராஜா நாற்காலியும் வெள்ளித் தட்டும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த வீடு ஏமாற்றம்தான். நீலகிரியின் அரிய பழம்பொருட்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை, மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம் 1830-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து மலையேற்றப்பட்டவை. தோற்ற அரசனின் வீட்டு மரம் வென்றவர்களின் கோயிலைத் தாங்குகிறது. அந்தத் தேவாலயத் தோட்டத்தில்தான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். சல்லிவன் ஊர் திரும்பி 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார்.

தோடர், கோத்தர், குறும்பர் புழங்கிய பொருட்களை விரிவாகப் பார்க்க ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவுக்குப் போக வேண்டும். அங்கே பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் வேலைப்பாடு புரியும். முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். தோடப் பெண்கள் துணியில் பென்சிலால் கோடு போடுவதில்லை, மாதிரி வரைவதில்லை. நெசவின் இழைகளை விரலால் தடவி எண்ணியே ஊசியை இறக்குகிறார்கள். ஒரு இழை தவறினாலும் வரிசை கோணிவிடும். முடித்த துணியைத் திருப்பிப் பார்த்தால் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சொல்வது கஷ்டம். தையல்காரிகளே முண்டு முண்டான பக்கத்தைத்தான் மேலாகக் கருதுகிறார்கள். 2013-ல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர்களோ மலையின் கொல்லர்கள், தச்சர்கள், குயவர்கள், வாத்தியக்காரர்கள். பானை வனைவது அவர்களில் பெண்கள் வேலை. கோத்தகிரி நேரு பூங்காவுக்குள்ளேயே கோத்தர் கோயில் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் அதே பூங்காவில்தான் காய்கறிக் கண்காட்சி நடக்கும். கேரட்டாலும் முள்ளங்கியாலும் யானையும் வண்டியும் செய்து வைப்பார்கள். அந்தச் சீமைக் காய்கறிகளை மலைக்குக் கொண்டுவந்தவரின் வீடு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இந்த மாதிரி வீடுகளைக் கவனிப்பது தேசியப் பூங்காத் துறை. 1916-ல் தொடங்கிய அந்தத் துறை, மாசசூசெட்ஸின் குவின்சி நகரில் இரண்டு ஜனாதிபதிகளைத் தந்த ஆடம்ஸ் குடும்பத்தின் வீடுகளை நாற்காலி, புத்தகத்தோடு காத்துவருகிறது. அங்குள்ள கல் நூலகத்தில் 14,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். யெல்லோஸ்டோனில் கரடியைக் காக்கும் அதே துறைதான் குவின்சியில் மேசை நாற்காலிக்குத் தூசி தட்டுகிறது. நம் ஊரில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா என்றால் காடு. மனிதன் குடியிருக்கக் கூடாத காடு. பழைய வீடு வேறு துறையின் கோப்பில் இருக்கும், காடு வேறு துறையின் கோப்பில் இருக்கும்.

நீலகிரியில் இந்தப் பிரிவினை சரிப்படாது. இங்குள்ள தேசியப் பூங்காக்களின் கதை கன்னேரிமுக்கில்தான் ஆரம்பிக்கிறது.

சல்லிவன் ஏறி வந்தபோது மேல்மலை முழுக்கப் புல்வெளி. ஓடை ஓடும் மடிப்புகளில் மட்டும் குட்டைக் குட்டையாகச் சோலைக்காடு. புல்வெளியில் தோடர்களின் எருமைகள், பாறை விளிம்புகளில் வரையாடுகள். மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து வருஷம் முழுக்கக் கசியவிட்டது அந்தப் புல்வெளியும் சோலையும்தான். வெள்ளையர்கள் குடியேறியதும் விறகுக்குப் பஞ்சம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், 1840-களில் தைல மரமும் வந்து இறங்கின. காப்பி வந்தது, தேயிலை வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கோத்தகிரியில் காப்பித் தோட்டம் போட்டார். அரவேனு அருகில் கொட்டும் கேத்தரின் அருவிக்கு அவர் மனைவியின் பெயர். அவர்கள் மகள் மார்கரெட் 1863-ல் இங்கே தேயிலைத் தோட்டம் அமைத்தவர்களில் முன்னோடி. தோட்டத்தில் உட்கார்ந்து நீலகிரிப் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். பறவையியலாளர் ஹியூமுக்குக் கூடுகளைப் பற்றி எழுதி அனுப்பினார். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோத்தகிரியில் வரையப்பட்ட கோத்தகிரிப் பறவைகளைப் பார்க்கக் கோத்தகிரிக்காரர் லண்டன் போக வேண்டும்.

சல்லிவனின் கணக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. புல்வெளி தோடர்களுக்கே உரியது, எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று கவர்னர் லஷிங்டனோடு மல்லுக்கட்டியவர் அவர். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியவரும் அவரே.

அந்தப் பழைய மேல்மலையில் மிஞ்சிய துண்டு ஊட்டிக்கு மேற்கே உள்ள முக்குருத்தி. வரையாட்டைக் காப்பாற்ற 1982-ல் சரணாலயமாக்கி, 1990-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றானது. இறந்தவரின் ஆவி 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்திச் சிகரம் வழியாகத்தான் மறுவுலகம் போகிறது என்பது தோடர் நம்பிக்கை. சீகை மரம் அந்தப் பூங்காவுக்குள்ளும் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்நியக் களை மரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. மலைக்கு வடக்கே முதுமலையும் மேற்கே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காக்கள். இந்த மூன்றும் 1986-ல் அறிவித்த 5,520 சதுர கிலோமீட்டர் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகின்றன.

2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வரையாடு காப்புத் திட்டத்தை ரூ. 25.14 கோடியில் தொடங்கியபோது சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலராக இருந்தவர், கன்னேரிமுக்கு பங்களாவை மீட்ட அதே சுப்ரியா சாகு. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303.

கோத்தகிரிக்காரர்களுக்குக் காடு வேலிக்கு அப்பால் இல்லை. தேயிலைக்குள் காட்டெருமை மேயும், கொழுந்து பறிப்பவர்கள் அது நகரும்வரை காத்திருப்பார்கள். கோயில் விளக்கின் எண்ணெய்க்கு ராத்திரியில் கரடி வரும், கதவு உடையும். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஊற்றுக்கண்கள் உள்ள பழைய சோலைக்காடு. உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்து அதைக் காத்துவந்தார்கள். 2024 ஜனவரியில் அது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1819-க்கு முன் இந்த மலை எப்படி இருந்தது என்று காட்ட பங்களாவில் புகைப்படம் கிடையாது, அப்போது கேமராவே இல்லை. லாங்வுட்டுக்குள் வனத்துறை அனுமதியோடு நடந்தால் ஓரளவு தெரியும்.

மேனாம்பேட்டிலிருந்து காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம். ரயிலில் போனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு பஸ் உண்டு. காலையில் பங்களா, மதியத்துக்கு முன் சோலை என்று வைத்துக்கொண்டால் மாலையில் கோடநாடு காட்சிமுனைக்கு நேரம் இருக்கும். அங்கே நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், எதிரே இருளர்கள் வழிபடும் ரங்கசாமி மலையும் தெரியும்.