ஒரு கட்டுக் கீரை

எங்கள் வீட்டில் கீரை ஆய்வது அம்மாவின் இலாகா. காலையில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டதும் முறமும் பழைய பேப்பருமாகக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கட்டு அரைக்கீரைக்கு முக்கால் மணி நேரம். கூடவே அக்கம்பக்கத்து விவகாரங்களும் ஆயப்படும். 'ஆய்வுக் கட்டுரை'யில் இருப்பதும் இதே 'ஆய்'தான் என்று முனைவர் பட்டம் வாங்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவ்வளவாக ரசிக்கவில்லை.

2018-ல் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்ல, கீரை என் தலையில் விழுந்தது. முதல் நாள் கூட்டில் நறநறவென்று மண். மூன்று தரம் அலசினேனே என்றேன். அம்மா படுத்தபடியே விசாரித்தாள்.

"எப்படி அலசினே?"

"பாத்திரத்துல போட்டு அலசி, அப்படியே வடிதட்டுல கொட்டினேன்."

"அடியில தங்கின மண்ணைத் திரும்பக் கீரை மேலயே கொட்டியிருக்கே. தண்ணியைக் கொட்டாதே. கீரையை மேலாக அள்ளி எடு. அப்புறம் பாத்திரத்தைக் கழுவு. அடியில மண் தெரியாத வரைக்கும் இதேதான்."

அறுபதை நெருங்கும் வயதில் கற்ற விஞ்ஞானம். கொத்தமல்லிக்கு வேறு சட்டம். வாங்கியதும் கட்டை அவிழ்க்கணும், ஏன்னா நடுவில்தான் முதலில் அழுகும். வேரை நறுக்கி, பழுத்ததைக் கழித்து, கழுவாமல் பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கணும். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் கொழகொழ. கழுவுவதெல்லாம் சமைக்கும்போதுதான். காம்பைத் தூக்கிப் போட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும், அது ரசத்துக்கு. முருங்கைக்கீரையை ராத்திரி துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை உதிர்ந்துவிடும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் உருவிக் கழித்திருக்கிறேன்.

சீக்கிரமே அலுத்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் ஆய்ந்த கீரை டப்பாவில் கிடைத்தது. விலை கூடுதல்தான், ஆனால் வேலை மிச்சம். அம்மாவுக்குக் கண் சரியான பிறகும் டப்பாவே தொடர்ந்தது. "இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம் அத்தை" என்றாள் என் மனைவி. அம்மா "சரிம்மா" என்றாள். வயசான காலத்தில் அம்மாவுக்கு ஓய்வு கொடுத்த மகன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இரண்டு மாதம் கழித்து எதிர் ஃப்ளாட் பெண் லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள்.

"பாட்டிக்கு ரொம்ப தேங்க்ஸ் சார். டெய்லி எங்களுக்குக் கீரை ஆய்ஞ்சு தர்றாங்க. வேணாம்னாலும் கேக்கறதில்லை. காசும் வாங்க மாட்டேங்கறாங்க."

எனக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. நாங்கள் ஆபீஸ் கிளம்பிய பிறகு, கோவில் உண்டியலுக்கு என்று வாங்கி வைத்திருந்த சில்லறையில் அம்மா கீரை வாங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஆய்ந்து, தண்டையும் பேப்பரையும் தடயமில்லாமல் கீழே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள். மூன்றாவது மாடியிலிருந்து, அந்த முழங்காலோடு!

மறுநாள் லீவு போட்டேன். கீரைக்காரம்மாவிடம் அரைக்கீரை ஒரு கட்டு வாங்கி, முறத்தோடு அம்மா முன்னால் வைத்தேன். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான் உனக்குக் கண் தெரிஞ்சுதா?"

பதில் சொல்லாமல் எதிரில் உட்கார்ந்து நானும் ஆயத் தொடங்கினேன். நான் ஆய்ந்து போட்ட குவியலை அம்மா தன் பக்கம் இழுத்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இரண்டு புல், ஒரு பூச்சி அரித்த இலை. எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஒரு கட்டுதான் வாங்கினியா? எதிர் வீட்டுக்கு?"