தோட்டத்துல தண்ணி வரலீங்க!

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கஸ்டமர் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். கோவையில் பம்ப் கம்பெனிக்கா பஞ்சம்? வாங்கியவர் அடுத்த மோட்டாருக்கும் நம்மிடமே வர வேண்டும் என்றால், சர்வீஸ்தான் பேச வேண்டும்.

அதற்காகத்தான் சி.ஆர்.எம். சாஃப்ட்வேர் வாங்கினார்கள். யாருக்கு எந்த மாடல் விற்றோம், எப்போது பழுதானது, யார் போய்ப் பார்த்தார் என எல்லாம் ஒரே திரையில். நல்ல விஷயம்தான். அதற்கு வைத்த டார்கெட்டில்தான் வம்பே வந்தது.

விற்பனைப் பையன்கள் தினம் 40 என்ட்ரி போட வேண்டும். சர்வீஸ் பையன்கள் 24 மணி நேரத்துக்குள் புகாரை முடிக்க வேண்டும். இன்சென்டிவ் இதை வைத்துத்தான். முதல் மாதமே டார்கெட்டைத் தாண்டி, ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள்.

ரிப்போர்ட் எடுப்பது என் வேலை. ஒரே விவசாயி மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று ஆளாக இருந்தார். இறந்து நான்கு மாதமான ஒருவர் பெயருக்கு எதிரே ‘புது மோட்டார் வாங்க ஆர்வமாக உள்ளார்’ என்று குறிப்பு! சிரிப்புதான் வந்தது, ஏப்ரலில் அந்த போன் வரும்வரை.

“அம்மிணி, உங்க கம்ப்யூட்டர்லதானுங்க வேலை முடிஞ்சுது. என்ற தோட்டத்துல தண்ணி வரலீங்க. வாழை காயுது.”

பார்த்தால், அவர் பெயரில் பத்து நாளில் நான்கு புகார். நான்கும் 24 மணி நேரத்துக்குள் ‘முடிந்தது’. மறுநாள் புதிதாகத் திறந்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். உதிரிபாகம் குடோனிலேயே இல்லை. பையன் என்ன செய்வான்? அவனுக்கு வீட்டு வாடகை இருக்கிறது.

பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே, பணக் கொள்கை பற்றிப் பேசும்போது இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கினால், அதை நம்ப முடியாமல் போய்விடும் என்று. அவருக்கு வாழைத்தோட்டம் தெரியாது, ஆனாலும் சரியாகச் சொன்னார்.

அந்த நான்கு புகார்களையும் பிரின்ட் எடுத்து மீட்டிங்கில் வைத்தேன். இரண்டு மணி நேர வாக்குவாதம். கடைசியில் என்ட்ரி கணக்கை எடுத்தார்கள். வாடிக்கையாளர் போனில் “சரியாப் போச்சு” என்று சொன்னால்தான் புகாரை மூடலாம். அதே மோட்டார் 30 நாளில் மறுபடி நிற்கக் கூடாது. இந்த இரண்டுதான் இப்போது இலக்கு. மாற்றம் முடியும்வரை இன்சென்டிவ் பிடிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை.

முன்பு 9 புகார் பாக்கி என்று காட்டிய திரை, இன்று காலை 61 என்று சிவப்பாகக் காட்டியது. “என்னம்மா இது, இவ்வளவு ஏறிடுச்சு?” என்றார் முதலாளி.

“ஏறலை சார். இப்பத்தான் தெரியுது” என்றேன். உதிரிபாகம் வாங்கும் பிரிவுக்கு அவரே போன் போட்டார்.